செப்பாணி அடித்த பெட்டி

உரும்பிராய்ச் சந்தையில் அந்தப் பெட்டியை முதலில் கண்டவர் யார் என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியவில்லை. விடிந்து சந்தை கூடும்போதே அது வெற்றிலைக் கொட்டிலின் மூலையில் இருந்தது. வெற்றிலை விற்பவர்கள் அதை வண்டிக்காரருடையது என்று நினைத்தார்கள். வண்டிக்காரர்கள் வெற்றிலைக்காரருடையது என்று நினைத்தார்கள். ஒன்பது மணியளவில் ஒருவரை ஒருவர் கேட்டபோதுதான் அது இரு பகுதியாருடையதும் அல்ல என்று தெரியவந்தது.

கறுத்துப்போன மரப்பெட்டி. ஒன்றரை முழ நீளம் இருக்கும். முன்பக்கத்தில் இரண்டு பித்தளைப் பூட்டுகள். பெயரும் இல்லை, எழுத்தும் இல்லை.

வேறு காலமாக இருந்தால் யாரோ மறந்து விட்டுப் போய்விட்டார்கள் என்று ஓரமாகத் தள்ளி வைத்திருப்பார்கள். அது 1942ஆம் ஆண்டு வைகாசி மாதம். ஜப்பான்காரர் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டு ஒரு மாதம் கடந்திருந்தது. கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்களின் குடும்பங்கள் ரயிலேறி வந்து ஊரில் நிறைந்திருந்தன. வானத்தில் இரைச்சல் கேட்டால் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பதை நடுவில் விட்டுவிட்டு ஓடுகிற நாட்கள்.

"ரேடியோப் பெட்டியடா. ஜப்பான்காரனுக்குச் செய்தி அனுப்புறது" என்றார் ஒருவர்.

"உதுக்குள்ளை நகைதான் கிடக்கு. எங்கையோ கோயிலிலை களவெடுத்துப்போட்டு, கொண்டுபோகப் பயந்து விட்டிட்டுப் போட்டாங்கள்."

"குண்டெண்டால்?"

ஆனாலும் ஒருவரும் விலகிப் போகவில்லை. பார்க்க வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

விதானையார் தம்பிஐயா பத்து மணிக்கு வந்து சேர்ந்தார். ஊருக்கு அரசாங்கம் அவர்தான். சந்தேகத்துக்குரிய எந்தப் பொருளைக் கண்டாலும் உடனே அறிவிக்கும்படி அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து கடிதம் வந்து அவர் மேசையில் கிடந்தது. ஆனால் போன கிழமைதான் வானத்திலிருந்து விழுந்த சாமான் என்று ஒரு தகர உருளையைப் பற்றி அவர் எழுதப்போக, அது பாரவண்டியிலிருந்து விழுந்த எண்ணெய்த் தகரம் என்று பொலிசார் சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள். இந்த முறை உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்துகொண்டு எழுதுவதென்று அவர் முடிவு செய்திருந்தார்.

"வெளிச்சத்துக்கு இழுத்து வையுங்கோ" என்றார்.

இரண்டு பேர் பெட்டியை மண்ணில் தரதரவென்று இழுத்து வெயிலில் வைத்தார்கள். கொல்லர் ஏரம்புவுக்கு ஆள் போனது.

சிவக்கொழுந்து கத்தரிக்காய்க் கடகத்தின் பின்னால் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வயது. நாலு வருடமாகத் தனியே தோட்டம் செய்து, வாரத்தில் மூன்று நாள் சந்தைக்கு வருகிறவள். கூட்டத்துக்குள் போய் முண்டுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. பெட்டியை வெயிலுக்கு இழுத்தபோது கூட்டம் இரண்டாகப் பிரிந்ததால்தான் அவளுக்கு அது தெரிந்தது.

எல்லோரும் பூட்டைப் பார்த்தார்கள். அவள் ஆணியைப் பார்த்தாள்.

பலகைகளின் ஓரம் முழுவதும் பச்சைக் களிம்பு பிடித்த ஆணித் தலைகள். செப்பு ஆணிகள். பெட்டி செய்கிற எந்தத் தச்சனும் இரும்பு ஆணிதான் அடிப்பான். இரும்போடு இரும்பு உரசினால் பொறி பறக்கும் என்று பயப்படுகிறவன் மட்டும்தான் செப்பாணி கேட்டு அடிப்பிப்பான். மூடியின் மூன்றாவது பலகை மற்றவற்றைவிட வெளிறியிருந்தது. அது வேப்பம் பலகை. பழைய பலகை உளுத்துப்போனபோது அவளுடைய வளவு வேம்பிலிருந்து அறுத்துப் போட்டது.

அது அவள் வீட்டிலிருந்த பெட்டி.

அவளுடைய கணவன் சீவரத்தினம் கிணற்றுக்கு வெடி வைக்கிறவன். அந்தப் பக்கத்தில் இரண்டு முழம் செம்மண்ணைத் தோண்டினால் கீழே கல்தான். வெடி வைக்காமல் தண்ணீர் காண முடியாது. சுற்றுவட்டாரத்தில் புதிதாக வெட்டிய கிணறுகளில் பாதிக்கு அவன்தான் வெடி வைத்தான். நாலு வருடத்துக்கு முன் நீர்வேலியில் ஒரு குழி வெடிக்கவில்லை. காத்திருந்து காத்திருந்து, இனி அது வெடிக்காது என்று நினைத்து இறங்கினான். அவன் இறங்கியபிறகு அது வெடித்தது. அந்தியேட்டிக் கிரியை முடிந்தபின் அவனுடைய பெட்டியைச் சிவக்கொழுந்து தன் தம்பி பரமலிங்கத்திடம் கொடுத்தாள். அவன் அத்தானுக்கு எடுபிடியாக நின்று வேலை பழகியவன். அனுமதிச் சீட்டு சீவரத்தினத்தின் பெயரில் இருந்தது. தம்பி தன் பெயருக்கு எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எடுக்கவில்லை. யுத்தம் தொடங்கி, சீட்டு இல்லாதவர்கள் வெடிமருந்தைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று பறையறைந்தபோது, "எல்லாம் குடுத்திட்டன் அக்கா" என்று சொன்னான்.

ஏரம்பு சம்மட்டியும் உளியுமாக வந்து பெட்டியின் முன் குந்தினார். பூட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"நல்ல பூட்டு. மூண்டு அடியிலை தெறிக்கும்" என்றார்.

"அடியாதையுங்கோ!"

தன் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று சிவக்கொழுந்து எதிர்பார்க்கவில்லை. கத்தரிக்காய்கள் உருண்டோட, ஆட்களைத் தள்ளிக்கொண்டு அவள் முன்னால் வந்தாள்.

"ஏரம்பு அண்ணை, கையை எடுங்கோ. அது டைனமைற் பெட்டி."

ஏரம்புவின் கை உளியோடு அந்தரத்தில் நின்றது. கூட்டத்தில் முன்னால் நின்றவர்கள் பின்னால் நின்றவர்களின் காலை மிதித்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

"உனக்கெப்பிடித் தெரியும், பிள்ளை?" என்று விதானையார் கேட்டார்.

"ஆணியைப் பாருங்கோ. செப்பாணி. என்ரை அவர் இந்த வேலைதானே செய்தவர். எனக்குத் தெரியாதோ?"

விதானையார் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. "ஆரின்ரை பெட்டி?"

"அது எனக்குத் தெரியாது."

பொய் சொன்னபோது அவளுக்குக் கன்னம் சுட்டது. விதானையார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, "உடைக்க வேண்டாம். வண்டிலிலை ஏத்துங்கோ. பொலிசிலை கொண்டுபோய்க் குடுப்பம்" என்றார்.

ஒரு வண்டிக்காரன் அரைமனதோடு மாட்டை அவிழ்க்கப் போனான். சிவக்கொழுந்து பெட்டியின் அருகில் முழங்காலிட்டாள். அப்போதுதான் அடிப்பலகையின் மூலையைக் கண்டாள். விரற்கடை அகலத்துக்கு ஈரம் ஊறியிருந்தது. தண்ணீர் ஈரம் அல்ல, எண்ணெய்போல மினுங்கியது. குனிந்த மாத்திரத்தில் இனிப்பும் காட்டமும் கலந்த பழைய மணம் மூக்கில் ஏறி, நெற்றிப் பொட்டு இரண்டும் தெறிக்கத் தொடங்கின. சீவரத்தினம் வேலைக்குப் போய்வந்து தலையைக் கட்டிக்கொண்டு படுக்கிற மணம் அது. வெக்கையில் நாட்பட்டுக் கிடந்தால் மருந்து வேர்க்கும், வேர்த்த மருந்தைத் தட்டினாலே போதும் என்று அவன் சொல்லியிருந்தான்.

இதைத்தான் சற்றுமுன் தரதரவென்று இழுத்தார்கள்.

"ஏத்தாதையுங்கோ" என்றாள். இப்போது சத்தம் வரவில்லை. "மருந்து வேர்த்திட்டுது, விதானையார். வண்டில் ஒரு கல்லிலை ஏறி விழுந்தால் மாடும் இல்லை, வண்டிலும் இல்லை. வெயிலும் படக்கூடாது. சனத்தை விலத்துங்கோ, முதல்."

தம்பிஐயா அதற்குமேல் கேள்வி கேட்கவில்லை. தன் தடியை உயர்த்திச் சத்தம் போட்டுச் சனத்தைத் தெருவுக்கு அனுப்பினார். சிலர் அதற்கு முன்பே ஓடிவிட்டார்கள். அடுத்த கொட்டிலில் கீரை விற்கும் மகாதேவி மட்டும் போகாமல் நின்று, சாக்குகளை நனைத்துக் கொண்டுவந்தாள். நாலு தடிகளை ஊன்றி, பெட்டியில் படாமல் மேலே சாக்கைக் கட்டி நிழல் செய்தார்கள். தடியை ஊன்றும்போது மண் அதிர்ந்துவிடுமோ என்று சிவக்கொழுந்து ஒவ்வொன்றையும் கையால் திருகித் திருகி இறக்கினாள்.

பிறகு விதானையாரின் அருகே போய் நின்றாள்.

"ஒரு மணித்தியாலம் தாங்கோ. பூட்டின்ரை திறப்பு வைச்சிருக்கிற ஆளைக் கேட்டுக்கொண்டு வாறன்."

"தெரியாதெண்டு சொன்னனி."

அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"பரமலிங்கமோ?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

அவள் இல்லை என்று சொல்லவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது. அவர் நீண்ட மூச்சு விட்டு, "கெதியாப் போட்டு வா" என்றார்.

தம்பியின் வீட்டுக்குக் கால் மைல். ஒழுங்கை நெடுக அவள் ஓடினாள். ஓடும்போது காதெல்லாம் பின்னாலேயே இருந்தது. எங்கோ ஒரு படலை அடித்துச் சாத்திய சத்தத்தில் நின்றுவிட்டு, பிறகும் ஓடினாள்.

பரமலிங்கத்தின் மனைவி அருந்ததி முற்றத்தில் நின்றாள். அழுது வீங்கிய முகம். மச்சாளைக் கண்டதும் வழியை மறிப்பதுபோல முன்னால் வந்தாள்.

"அவர் இல்லை."

"எனக்கு அவனோடை கதைக்க வேணும், அருந்ததி. நேரமில்லை."

பின்வளவில் புகையிலை உலர்த்தும் குடிலுக்குள் அவன் இருந்தான். பக்கத்தில் ஒரு துணிப் பொட்டலம் கட்டி வைத்திருந்தது. வன்னிப் பக்கம் போகிற யோசனை. அவள் கேட்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கினான். பெட்டியை வருடக்கணக்காகப் பனங்கூடலுக்குள் புதைத்து வைத்திருந்தானாம். கடற்கரைப் பக்கத்தில் மீனுக்கு வெடி போடுகிற ஒருவன் கேட்டானாம். விடியற்காலையில் வெற்றிலைக் கொட்டிலில் கைமாற்றுவதாகப் பேச்சு. வரவேண்டியவன் வரவில்லை, தேநீர் குடிக்க ஒரு பொலிசுக்காரன் வந்தான். பரமலிங்கம் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தன்னுடையது இல்லை என்பதுபோல நடந்து வந்துவிட்டான்.

"தம்பி, நான் ஒண்டுதான் கேக்க வந்தனான். கேப்பும் அதுக்குள்ளையோ?"

கேப்பு என்பது வெடியைக் கிளப்புகிற சிறிய செப்புக் குழாய். மருந்தையும் கேப்பையும் ஒரே பெட்டியில் வைப்பதில்லை என்பது சீவரத்தினம் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த முதலாவது விஷயம்.

பரமலிங்கம் தலை நிமிரவில்லை. "ஓம். அவசரத்திலை..."

அவள் பொட்டலத்தைக் காலால் ஒதுக்கினாள்.

"எழும்பி வா. வந்து திற."

"வந்தால் ஒண்டில் சாவன், இல்லாட்டி பிடிச்சு மறியலிலை போடுவாங்கள். நீ என்ரை பேரைச் சொல்லிப் போட்டியோ?"

"கேட்டினம். நான் மறுக்கேல்லை."

அருந்ததி வாசலில் நின்று வாயில் சேலைத் தலைப்பை வைத்துக் கத்தினாள். "சொந்தத் தம்பியைக் காட்டிக் குடுத்திட்டு வந்து நிக்கிறியளே! உங்களுக்குப் பிள்ளையில்லை. எனக்கு மூண்டு இருக்கு."

சிவக்கொழுந்து தம்பியின் முன்னால் கையை நீட்டினாள். "அப்ப திறப்பைத் தா."

"அக்கா, உனக்கு..."

"அவர் திறக்கிறதை நான் பதினொரு வருசம் பாத்தனான். தா."

அவன் மடியிலிருந்து இரண்டு திறப்புகளை எடுத்தான். அவற்றை அவள் கையில் வைத்தான். "கேப்பு வலப்பக்கத்து மூலையிலை, வட்டத் தகரத்துக்கை. உமிக்குள்ளை தாட்டிருக்கு" என்றான்.

திரும்பி வருகிற வழியில் அவள் ஓடவில்லை. பின்னால் காலடிச் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துப் பார்த்து நடந்தாள். கேட்கவில்லை. ஒழுங்கை முடிவில் திரும்பியும் பார்த்தாள். வெயிலில் ஒரு நாய்தான் படுத்திருந்தது.

சந்தை வெறுமையாகக் கிடந்தது. தெருவின் அப்பால் மதிலுக்குப் பின்னால் தலைகள் தெரிந்தன. விதானையார் தனியே புளியமரத்தின் கீழ் நின்றார்.

"ஆள் எங்கை?"

"ஆள் இல்லை. திறப்பு கிடக்கு."

"நீ தொடாதை, பிள்ளை. பொலிசுக்கு ஆள் அனுப்பிப் போட்டன். வரட்டும்."

"அவை வந்து என்ன செய்வினம்? தூக்குவினம்." அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகினாள். "கேப்பும் உள்ளுக்கை கிடக்காம். நீங்கள் மதிலுக்கங்காலை போங்கோ."

அவர் போகவில்லை. மரத்தின் மறுபக்கத்துக்கு மட்டும் போனார்.

முதல் பூட்டு உடனே திறந்தது. இரண்டாவது பூட்டு மண்ணில் கிடந்து இறுகியிருந்தது. அவள் திறப்பை உள்ளே விட்டுத் திருகினாள். அசையவில்லை. கொஞ்சம் தேங்காயெண்ணெய் கேட்கலாமா என்று யோசித்தாள். தலையிடி கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. திறப்பை வெளியே எடுத்து, எண்ணெய் பூசிய தன் கூந்தலில் தேய்த்து, மறுபடி விட்டாள். இம்முறை பூட்டு மெல்லக் கழன்றது. அது தட்டாமல் விழாமல் உள்ளங்கையில் ஏந்திக் கீழே வைத்தாள்.

மூடியைத் தூக்கினாள். மணம் முகத்தில் அடித்தது. மஞ்சள் கடதாசி சுற்றிய குச்சிகள், உமி, திரிச் சுருள். குச்சிகளின் கடதாசியில் சிறு சிறு துளிகள் பூத்திருந்தன. வலப்பக்கத்து மூலையில் தகரத்தைக் காணவில்லை.

பெட்டியை இழுத்தபோது அது புரண்டிருக்க வேண்டும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உமியை விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கினாள். தகரம் நடுவில், இரண்டு குச்சிகளின் இடையில் செருகிக் கிடந்தது. அதன் மூடி அரைவாசி திறந்திருந்தது. உள்ளே செப்புக் குழாய்கள் ஒன்றோடொன்று சாய்ந்து மினுங்கின.

அவள் தகரத்தைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தாள். கையைத் தொடையின் கீழே வைத்து அழுத்திக்கொண்டு சற்று நேரம் இருந்தாள். முருகா என்று சொல்லிப் பார்த்தாள். அடுத்த சொல் ஞாபகம் வரவில்லை. பிறகு இடக்கையால் குச்சியை அசையாமல் அணைத்துப் பிடித்து, வலக்கையால் தகரத்தை நேராக மேலே எடுத்தாள்.

எழுந்து நடந்தாள். நாற்பது அடி, ஐம்பது அடி. சந்தைக் கிணற்றின் மறுபுறத்தில், நெருப்புப் பிடித்தால் அணைக்க என்று மகாதேவி மணல் நிரப்பி வைத்திருந்த முட்டிப் பானைக்குள் தகரத்தை இறக்கிவிட்டு, அங்கேயே நிலத்தில் இருந்து வாந்தி எடுத்தாள்.

அவள் தலை நிமிர்ந்தபோது பெட்டியின் அருகில் ஒரு ஆள் குந்தியிருப்பது தெரிந்தது. பரமலிங்கம். எப்போது வந்தான் என்று அவளுக்குத் தெரியாது. அவன் அவளைப் பார்க்கவில்லை. "ஆரும் கிட்ட வராதையுங்கோ" என்று மட்டும் சொன்னான்.

ஒவ்வொரு குச்சியாக இரு கைகளாலும் ஏந்தி, சந்தைக்குப் பின்னால் இருந்த தரிசு நிலத்துக்குக் கொண்டுபோனான். போய் வந்தான், போய் வந்தான். முப்பத்திரண்டு தடவை. சிவக்கொழுந்து ஒவ்வொரு தடவையும் அவன் திரும்பி வரும்வரை மூச்சு விடாமல் இருந்தாள். வைக்கோலை நீளமாகப் பரப்பி அதன்மேல் குச்சிகளை வரிசையாகக் கிடத்தினான். காற்று வருகிற பக்கத்தில் நெருப்பு வைத்துவிட்டு ஓடி வந்தான். வெடிக்கவில்லை. வெள்ளை நிறச் சுவாலை சீறிக்கொண்டு ஓடி முடிந்தது. எண்ணெய் ஊறிய பெட்டியையும் அசையாமல் தூக்கிக் கொண்டுபோய் அதே நெருப்பில் வைத்தார்கள்.

பொலிசார் வந்தபோது எரிந்த சாம்பலும் கேப்புத் தகரமும்தான் இருந்தன. விதானையார் கடதாசியை விரித்து வைத்துக்கொண்டு யோசித்தார். உரியவர் தெரியவில்லை என்று எழுதிவிடலாமா என்று அவர் யோசித்ததைச் சிவக்கொழுந்து கண்டாள். அதற்குள் பரமலிங்கமே முன்னால் வந்து நின்றான்.

"என்ரை பெட்டி" என்றான்.

வழக்கு நடந்த கோட்டில் சிவக்கொழுந்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். "முதல் என்ரை அவரின்ரை. பிறகு நான்தான் தம்பிக்குக் குடுத்தனான்" என்று சொன்னாள். தானே வந்து மருந்தை அழித்தான் என்பதால் தண்டனை குறைந்தது. குறைந்தும் ஒன்பது மாதம் மறியல்.

அந்த ஒன்பது மாதமும் தம்பியின் தோட்டத்துக்கு அவள்தான் தண்ணீர் இறைத்தாள். ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. அவன் மறியலுக்குப் போன மறுநாள் விடிய அவள் கிணற்றுத் துலாவடியில் போய் நின்றாள். அருந்ததி அவளைப் பார்த்தாள், உள்ளே போனாள், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து மிளகாய்ப் பாத்திக்குப் பாத்தி வாய்க்காலைத் திருப்பித் தண்ணீர் மாறத் தொடங்கினாள். ஒரு சொல் பேசவில்லை. தண்ணீர் கட்டி முடிந்தால், இறைக்கிறவளுக்குக் குரல் கொடுப்பதுதான் வழக்கம். அருந்ததியோ மண்வெட்டியை உயர்த்திக் காட்டுவாள். சிவக்கொழுந்து துலாக்கயிற்றை விடுவாள்.

தை மாதத்தில் ஒருநாள் பனி மூடிக் கிடந்தது. கிணற்றடியிலிருந்து பார்த்தால் பாத்தியில் நிற்கிற ஆளும் தெரியவில்லை, உயர்த்துகிற மண்வெட்டியும் தெரியவில்லை. சிவக்கொழுந்து இறைத்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் வரம்பு கடந்து ஓடுகிற சத்தம் கேட்டது. கேட்டும் நிறுத்தாமல் இன்னும் இரண்டு பட்டைத் தண்ணீர் இறைத்தாள்.

பனிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"மச்சாள், தண்ணி காணும். நிப்பாட்டுங்கோ."

"ஓம்" என்று சிவக்கொழுந்து சொன்னாள்.